பரணில் சும்மா இருந்த பித்தளைக் குடம் வெடிக்குமா?

9 அக்டோபர், காலை 7.50
திருமங்கலத்தான்

எங்க அப்பத்தா சீராகக் கொண்டு வந்த பித்தளைக் குடம். வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. தங்கச்சிக்குத் தை மாதம் கல்யாணம், பாலிஷ் போட்டுக் கொடுக்கலாம் என்று இறக்கினேன். கழுத்திலிருந்து வயிறு வரை நெடுக்காக மூன்று வெடிப்பு. நகம் மாட்டுகிறது. யாரும் கீழே போடவில்லை, ஒரு நசுங்கல்கூட இல்லை. பாத்திரக் கடையில் காட்டினால் கலப்படப் பித்தளை, எடைக்குப் போட்டுவிடுங்கள் என்கிறார். அந்தக் காலத்துப் பொருளில் கலப்படமா? சும்மா இருந்த குடம் எப்படி வெடிக்கும்?

9 அக்டோபர், இரவு 9.15
பழைய போர்மேன்

எடைக்குப் போட வேண்டாம். கலப்படமும் இல்லை. நல்ல பித்தளையே இப்படி வெடிக்கும். ஒன்று மட்டும் சொல்லுங்கள் தம்பி, அந்தப் பரணுக்குப் பக்கத்தில் மாட்டுத் தொழுவம் உண்டா?

10 அக்டோபர், காலை 6.30
திருமங்கலத்தான்

பின்சுவருக்கு அந்தப் பக்கம் தொழுவம்தான் அண்ணே. சுவரில் ஒரு சாளரம் உண்டு. போன வருடம்தான் மாடுகளை விற்றோம். ஆனால் மாடு பரணில் ஏறிக் குடத்தை முட்டவில்லையே!

10 அக்டோபர், இரவு 10.40
பழைய போர்மேன்

முட்ட வேண்டாம், அதன் வாடையே போதும். காலையில் தொழுவத்தைத் திறந்ததும் கண்ணைக் கரிக்குமே, அது கோமியத்தில் இருக்கும் அம்மோனியா. பித்தளைக்கு அது விஷம். மழைக்காலத்தில் குடத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு ஈரம் படியும். அந்த ஈரத்தில் அம்மோனியா கரையும், காற்றும் கூட இருக்கும். மூன்றும் சேர்ந்தால் செம்பைக் கரைத்து நீலமாக்கிவிடும். வெடிப்பின் ஓரத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள், மயில் கழுத்து நிறத்தில் கொஞ்சம் தெரியலாம்.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் இருந்த பட்டாளத்திலும் இதே கதைதான். பித்தளைத் தோட்டா உறைகளை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். எடுத்துப் பார்த்தால் சுடாத தோட்டாவின் உறையில் விரிசல் விட்டிருக்கும், அதுவும் குண்டை இறுகப் பிடிப்பதற்காக நெருக்கிய கழுத்துப் பக்கம். பருவம் தவறாமல் வந்ததால் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1921-ல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று பேர் அதை விளக்கினார்கள். லாயத்து அம்மோனியாவும், உறையை உருவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இழுப்பும் சேர்ந்து செய்த வேலை.

இந்த இழுப்புதான் முக்கியம். தகட்டை அடித்தோ அச்சில் அழுத்தியோ வளைக்கிறோம். வளைத்த தகடு பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும், முடியாது. அந்தத் தவிப்பு உலோகத்துக்குள்ளேயே நிற்கும். வெளியிலிருந்து யாரும் இழுக்கவே வேண்டாம், இருபது வருடம் ஆனாலும் அது குறையாது. கல்லூரித் தமிழில் இதைத் தகைவு அரிமான விரிசல் என்கிறார்கள். மூன்று சேர வேண்டும்: உள்ளே இழுப்பு, அதற்கு இடம் கொடுக்கும் கலவை, அந்தக் கலவைக்கென்று உள்ள விஷம். ஒன்று குறைந்தாலும் வெடிப்பு வராது. உங்கள் பரணில் செம்புச் சொம்பு இருந்தால் அது நன்றாக இருக்கும் பாருங்கள். துத்தநாகம் நூற்றுக்கு 15-க்கு மேல் போனால்தான் இந்தத் தொந்தரவு கூடும். பாத்திரப் பித்தளையில் 30, 40 வரை இருக்கும்.

11 அக்டோபர், காலை 5.20
பழைய போர்மேன்

ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு திருத்தம். கோமியத்தில் அம்மோனியா இருக்கிறது என்று எழுதிவிட்டேன். கோமியத்தில் இருப்பது யூரியா. தரையில் விழுந்த பிறகு மண்ணிலும் சாணத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் அதைப் பிரித்து அம்மோனியா ஆக்குகின்றன. அதனால்தான் தினமும் கழுவும் தொழுவத்தில் வாடை குறைவு, தேங்கவிட்ட தொழுவத்தில் அதிகம். வயலுக்குப் போடும் யூரியா ஈரம் பட்டாலும் இதே கதிதான். உர மூட்டையோடு ஒரே அறையில் பித்தளைச் சாமான் வைக்காதீர்கள்.

தூக்கம் வராததற்குக் காரணம் வேறு. பிறகு எழுதுகிறேன்.

11 அக்டோபர், இரவு 11.05
பழைய போர்மேன்

எங்கள் வீடு உசிலம்பட்டிப் பக்கம். நான் ஐடிஐ படித்துக்கொண்டிருந்த காலம். அண்ணனுக்குக் கல்யாணமாகி மதினி வந்து ஐந்தாறு மாதம் இருக்கும். ஐப்பசி மழை. தொழுவத்தை ஒட்டிய குச்சில், அதாவது சின்னக் குடிசையில், அம்மாவின் பித்தளைக் குடம் இருந்தது, விசேஷத்துக்கு மட்டும் எடுப்பது. எடுத்துப் பார்த்தால் வெடிப்பு. கடைசியாக அதைக் கழுவி வைத்தவர் மதினி. கிணற்றடியில் போட்டு உடைத்துவிட்டு, கமுக்கமாகக் கொண்டுவந்து வைத்துவிட்டாள் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். மதினி இல்லை என்று சொன்னார், அழுதார். யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. ஊரில் அதற்குப் பிறகு எது உடைந்தாலும் அந்தக் குடத்தில் போய் முடியும்.

பித்தளை கீழே விழுந்தால் நசுங்கும். ஓரம் மடங்கும், வயிறு உள்ளே போகும். நசுங்காமல் நெடுக்காகப் பிளக்காது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் குடத்தின் வயிற்றில் நசுங்கலே இல்லை. அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்களில் நானும் ஒருவன், ஃபிட்டர் படிப்பு படித்துக்கொண்டிருந்தவன். ஒரு நசுங்கல்கூட இல்லை என்று தம்பி எழுதியதைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

13 அக்டோபர், பிற்பகல் 3.30
பழைய போர்மேன்

கீழமாசி வீதி நண்பர் கேட்டது நல்ல கேள்வி. அம்மோனியா அரிக்கிறது என்றால் குடம் முழுக்க அல்லவா அரிக்க வேண்டும், ஏன் ஒரே கோட்டில் பிளக்கிறது?

முழுக்க அரித்தால் விரிசலே வராது, குடம் சீராக மெலியும், அவ்வளவுதான். உலோகத்தின் மேல் மெல்லிய படலம் ஒன்று உண்டாகும். அது காவல். விஷம் மிதமாக இருக்கும்போது படலம் முக்கால்வாசி இடத்தில் தாக்குப்பிடிக்கும். எங்கோ ஒரு பள்ளம், ஒரு கீறல், அங்கே மட்டும் இழுப்பு கூடும். கூடினால் படலம் கிழியும். கிழிந்த இடத்தில் புது உலோகம் வெளியே தெரியும், கொஞ்ச நேரம்தான். அதற்குள் கொஞ்சம் கரையும். மறுபடி படலம் மூடும். கரைந்ததால் பள்ளம் இன்னும் கூராகியிருக்கும், கூரானால் நுனியில் இழுப்பு இன்னும் கூடும், மறுபடி கிழியும். இப்படியே போகும். பக்கச் சுவர்கள் மூடியே இருப்பதால் விரிசல் அகலமாவதில்லை, ஆழமாகிக்கொண்டே போகிறது. ஆகவேதான் வெளியே மயிர்க்கோடு போலத் தெரிகிறது.

எந்த வழியாகப் போகும் என்றும் கேட்டார். உலோகம் மணி மணியாக ஒட்டி இருக்கும், கல் வைத்துக் கட்டிய சுவர் மாதிரி. பித்தளையில் பெரும்பாலும் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்து இருக்கும் வழியாகவே போகும். எவர்சில்வரில் சூடான உப்புத் தண்ணீர் பட்டால் கல்லையே பிளந்துகொண்டு கிளை கிளையாகப் போகும். அதைப் பற்றி நான் நேரில் பட்டதை எழுத வேண்டும்.

வேகமும் ஒருவர் கேட்டிருந்தார். நொடிக்கு ஒரு நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 0.086 மில்லிமீட்டர், வருடத்துக்கு மூன்று சென்டிமீட்டருக்கு மேல். ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத குடத்தின் சுவருக்கு இரண்டு வாரம் போதும்.

13 அக்டோபர், இரவு 8.10
பழைய போர்மேன்

மேலே போட்ட கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வேகம் விரிசல் ஓட ஆரம்பித்த பிறகு. ஆரம்பிப்பதற்கே மாதங்களோ வருடங்களோ ஆகலாம், வெயில் காலத்தில் ஈரம் காய்ந்ததும் நின்றும் போகும். அப்புறம் இழுப்புக்கு ஒரு வாசல்படி உண்டு. விரிசல் நுனியில் இழுப்பு அந்தப் படிக்குக் கீழே இருந்தால் நகராது. படியைத் தாண்டியதும் வேகம் சட்டென ஏறும். ஒரு கட்டத்துக்குப் பிறகு இழுப்பைக் கூட்டினாலும் வேகம் கூடாது, நுனிக்கு விஷம் எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறது என்பதுதான் அப்போது வேகத்தைத் தீர்மானிக்கும். கடைசியில் மிச்சமிருக்கும் உலோகம் பாரம் தாங்காமல் ஒரே அடியாக விட்டுவிடும். அமெரிக்காவில் ஒஹாயோ ஆற்றின் மேல் இருந்த சில்வர் பாலம் 1967 டிசம்பர் 15 அன்று அப்படித்தான் விழுந்தது, 46 பேர் செத்தார்கள். தொங்குகிற சங்கிலிக் கம்பி ஒன்றில் சில மில்லிமீட்டர் ஆழ விரிசல். கம்பியைக் கழற்றாமல் அதைப் பார்க்கவே முடியாது.

16 அக்டோபர், இரவு 9.50
பழைய போர்மேன்

சொன்னபடி எவர்சில்வர் கதை. நான் முப்பத்தொரு வருடம் ஒரு மில்லில் இருந்தேன், பெயர் வேண்டாம். நூலுக்குச் சாயம் போடும் பிரிவின் பராமரிப்பு என் பொறுப்பு. பருத்தி நூலில் சாயம் ஏற உப்பு கொட்டுவார்கள், மூட்டை மூட்டையாக. தண்ணீர் 80 டிகிரி. தொட்டி 304 என்ற வகை எவர்சில்வர். உப்பு, சூடு, வெல்டிங் இழுப்பு, மூன்றும் ஒரே இடத்தில்.

ஒரு நாள் காலை ஷிப்டில் தொட்டியின் வெளிப்பக்கம் வெல்டிங்குக்குப் பக்கத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. துடைத்தேன், ஒன்றுமில்லை. அரை மணி கழித்து மறுபடி பூத்தது. ஊசி முனை அளவு ஈரம். கிரைண்டரால் தேய்த்து 308 ராடு வைத்து நானே அடைத்தேன். மூன்றாம் நாள் ஓர் அங்குலம் தள்ளி அதே உப்பு. அதையும் அடைத்தேன். அதற்கும் பக்கத்தில் வந்தது. இப்படி நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் என் வெல்டிங் சரியில்லை என்றுதான் மேலே பேசினார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு வெளியிலிருந்து உலோகம் படித்த ஒருவர் வந்தார். தேய்த்துச் சுத்தம் செய்த இடத்தில் சிவப்பு மையைப் பூசி, கொஞ்ச நேரம் விட்டு, துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளித்தார். நாங்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றோம். முதலில் வெறும் வெள்ளை. பிறகு ஒரு சிவப்புக் கோடு எழும்பியது. அதிலிருந்து இரண்டு, அதிலிருந்து நான்கு. பிடுங்கிப் போட்ட செடியின் வேர் மாதிரி என் வெல்டிங்கைச் சுற்றி முழங்கை நீளத்துக்குப் படர்ந்துகொண்டே போயிற்று. யாரும் பேசவில்லை. நான் அடைத்தது ஓர் இழையை. மிச்சம் முழுவதும் உள்ளேயே இருந்திருக்கிறது.

அவர்தான் சொன்னார், வெல்டிங் ஆறும்போது சுருங்கும், சுற்றியுள்ள தகடு விடாது, ஆகவே வெல்டிங்குக்குப் பக்கத்தில் தகடு தாங்கும் எல்லை வரைக்கும்கூட இழுப்பு நிற்கும் என்று. ஒவ்வொரு அடைப்பும் புதிதாக ஓர் இழுப்பைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. தண்ணீர் மட்டம் ஏறி இறங்கும் கோட்டில்தான் வெடிப்பு அதிகம் என்றும் காட்டினார். அங்கே நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து உப்பு கெட்டிப்படும்.

அந்தத் துண்டையே வெட்டி எடுத்து 316 எல் என்ற வேறு வகை எவர்சில்வர்த் தகடு போட்டார்கள். அது தள்ளிப்போடும், அடியோடு நிறுத்தாது. பேச்சோடு பேச்சாக அவர்தான் குதிரை லாயத்துத் தோட்டாவையும் சொன்னார். அன்று மாலை மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது குடம் ஞாபகம் வந்தது. அப்போதே ஊருக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அம்மா உயிரோடு இருந்தார். சொல்லவில்லை.

19 அக்டோபர், காலை 10.15
பழைய போர்மேன்

10-ந் தேதி எழுதியதில் ஒன்று உறுத்துகிறது. அடித்து வளைத்தாலும் அச்சில் அழுத்தினாலும் ஒரே இழுப்பு என்கிற மாதிரி எழுதியிருந்தேன். அது சரியில்லை. சுத்தியலால் பொடித் தட்டாகத் தட்டிய முகத்தில் உலோகம் பரவப் பார்க்கும், அடியில் இருப்பது விடாது, அதனால் தட்டிய முகம் நெருக்கத்தில் நிற்கும். நெருக்கத்தில் இருக்கும் இடத்தில் விரிசல் திறக்காது. இயந்திரப் பாகங்களில் சின்னச் சின்ன எஃகு உருண்டைகளை வீசி வேண்டுமென்றே இப்படி நெருக்குவதும் உண்டு. ஆனால் வெளிமுகம் நெருங்கினால் எங்காவது ஓரிடம் அந்தக் கணக்கை ஈடுகட்ட இழுபட்டாக வேண்டும், தகடு மெல்லியதாக இருந்தால் அது உள்முகம்.

ஆகவே தம்பி, வெடிப்பு உள்ளே நீளமா வெளியே நீளமா என்று பாருங்கள். கையால் தட்டிய குடமானால் உள்ளே நீளமாக இருக்க வாய்ப்பு. லேத்தில் சுழற்றியோ அச்சில் இழுத்தோ செய்ததானால் வெளியே. கூடவே இன்னொன்று, பரணில் இருந்த மற்ற பித்தளைச் சாமான் எப்படி இருக்கிறது?

20 அக்டோபர், இரவு 7.40
திருமங்கலத்தான்

உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன் அண்ணே. உள்ளேதான் நீளம், வெளியே தெரியாத நாலாவது கோடு ஒன்றும் இருக்கிறது. குடத்தில் பொட்டுப் பொட்டாகத் தட்டு அடையாளம் உண்டு, கை வேலைதான். ஆனால் ஒரு விஷயம் புரியவில்லை. அதே பரணில் அதே வருடங்கள் இருந்த அண்டா ஒன்று, உருளி ஒன்று, சோறு வடிக்கும் தவலை ஒன்று, மூன்றும் கல் மாதிரி இருக்கின்றன.

20 அக்டோபர், இரவு 9.30
பழைய போர்மேன்

எங்கள் வீட்டிலும் அப்படித்தான்! குச்சில் தவலையும் இருந்தது, அது இன்னும் நன்றாக இருக்கிறது. இதை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

உருளியை விடுங்கள், அது வார்ப்பு, அடித்து வளைத்ததில்லை, இழுப்பு குறைவு. அண்டாவும் தவலையும் அடுப்பில் ஏறியவை, குடம் அடுப்பையே பார்க்காதது. பித்தளையை 250, 300 டிகிரிக்குச் சூடாக்கி ஒரு மணி நேரம் வைத்தால் உள்ளே இருக்கும் இழுப்பு தளர்ந்துவிடும், உறுதியும் குறையாது. தோட்டா உறைக்கும் கடைசியில் இந்த வைத்தியம்தான் செய்தார்கள். அடுப்பே அண்டாவுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறது.

21 அக்டோபர், காலை 6.05
பழைய போர்மேன்

அவசரப்பட்டுவிட்டேன். அடுப்பில் ஏறிய அண்டாவில் தண்ணீர் இருக்கும். தண்ணீர் கொதிக்கும்வரை அந்தச் சுவர் 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. அது போதாது. அப்படியானால் அண்டாவைக் காப்பாற்றியது எது?

21 அக்டோபர், பகல் 12.20
பழைய போர்மேன்

ஈயம் பூசுவது!

சமைக்கிற பித்தளைக்கு வருடா வருடம் ஈயம் பூசுவார்கள். தெருமுனையில் குழி தோண்டி, கரி போட்டு, துருத்தி வைத்து ஊதி, வெறும் பாத்திரத்தை நெருப்பில் புரட்டிப் புரட்டிச் சூடேற்றுவார்கள். நவச்சாரம் தூவினால் வெள்ளைப் புகை குப்பென்று எழும், வெள்ளீயக் குச்சியைத் தேய்ப்பார்கள், அது உருகி ஓடும், பஞ்சால் சுற்றித் துடைப்பார்கள். வெள்ளீயம் உருக 232 டிகிரி வேண்டும். பாத்திரத்தின் சூடு அதற்கும் மேலே போனால்தான் ஒரே சீராக ஓடும். தண்ணீர் இல்லாத வெறும் பாத்திரம், அவ்வளவு சூடு, வருடா வருடம். குடத்தில் புளி, உப்பு எதுவும் போடுவதில்லை, ஆகவே குடத்துக்கு ஈயம் பூசத் தேவையில்லை. அது பட்டறையை விட்டு வந்த நாள் முதல் நெருப்பையே பார்க்கவில்லை, முதல் நாள் இழுப்போடு அப்படியே இருந்துவிட்டது.

பூசுவது சில நிமிட வேலைதான், ஒரு மணி நேரக் கணக்குக்கு ஈடாகாதே என்று கேட்பீர்கள். சூடு கூடினால் நேரம் குறைந்தாலும் தளரும். தவிர பத்து இருபது தடவை ஆகியிருக்கும். இது என் யோசனைதான், ஆனால் இரண்டு வீட்டுப் பரணும் ஒரே மாதிரி சொல்கின்றன.

நவச்சாரமே அம்மோனியச் சரக்குதானே என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம். ஆனால் இழுப்பு தளர்ந்த பாத்திரத்தை அது ஒன்றும் செய்யாது, கழுவியும் விடுகிறார்கள்.

21 அக்டோபர், இரவு 10.00
பழைய போர்மேன்

தம்பிக்கு ஓர் எச்சரிக்கை. வெடிப்பை ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம் என்று கடையில் சொன்னால், முதலிலேயே வைக்க விடாதீர்கள். இழுப்பில் இருக்கும் பித்தளையின் மேல் உருகிய ஈயம் பட்டால், அதுவே மணிகளுக்கு நடுவில் புகுந்து வெடிப்பை நீட்டிவிடும், கண்ணெதிரே பிளக்கும். பாதரசமும் அப்படித்தான் செய்யும். முதலில் முழுக் குடத்தையும் சீராகச் சூடேற்றித் தளர்த்தி, ஆறவிட்டு, பிறகு பற்று. வெங்கலக்கடைத் தெருவில் விசாரித்தால் பழைய ஆட்கள் யாராவது கிடைப்பார்கள். வீட்டு கேஸ் அடுப்பில் நீங்களே முயல வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் புது இழுப்பு வரும்.

26 அக்டோபர், மாலை 6.45
பழைய போர்மேன்

மூன்று பேர் மொட்டைமாடி சோலார் ஹீட்டர் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், போர் தண்ணீர் விட்டு நாலு வருடத்தில் தொட்டி ஒழுகுகிறது என்று. என் சாயத் தொட்டியின் தம்பி அது. மதுரையின் பல பகுதிகளில் போர் தண்ணீர் கரிக்கும், வெயிலில் தொட்டி 70 டிகிரியைத் தாண்டும், உள்தொட்டி 304-ஆக இருந்தால் வெல்டிங் ஓரத்தில் ஆரம்பிக்கும். ஒழுகும் இடத்தில் அடைத்தால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன். கார்ப்பரேஷன் தண்ணீரோ மழைத் தண்ணீரோ விட முடிந்தால் விடுங்கள்.

குடத்தைப் போலத் தொட்டியையும் சூடேற்றித் தளர்த்தலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். 304-க்கு 300 டிகிரி ஒன்றும் செய்யாது. 450-க்கும் 850-க்கும் நடுவே நிறுத்தினால் மணி எல்லைகளில் குரோமியம் குறைந்து வேறொரு நோய் வரும்.

காந்தம் ஒட்டினால் மட்டமான எவர்சில்வர் என்று கடையில் சொல்வார்கள். இந்த ஒரு நோயைப் பொறுத்தவரை கதை தலைகீழ். நிக்கல் எட்டு சதவீத வாக்கில் இருக்கும்போதுதான் சூடான உப்பில் மிகச் சீக்கிரம் வெடிக்கும், நம்முடைய 304-ல் இருப்பதும் அதுவே. நிக்கல் சேர்க்காத, காந்தம் ஒட்டும் வகைகளை இது பெரும்பாலும் தொடுவதில்லை. வெந்நீர்த் தொட்டிக்கென்றே 444 என்று மாலிப்டினம் சேர்த்த ஒரு வகை உண்டு, அது காந்தத்தில் ஒட்டும். அதற்காகக் காந்தம் ஒட்டுவதெல்லாம் நல்லது என்று வாங்கிவிடாதீர்கள், துருப்பிடிக்கிற மட்ட வகைகளும் ஒட்டும்.

27 அக்டோபர், காலை 7.00
பழைய போர்மேன்

சூடு இல்லாவிட்டால் எவர்சில்வருக்குப் பயமில்லை என்று ஒரு காலத்தில் நம்பினார்கள், 60 டிகிரிக்குக் கீழே 304 வெடிக்காது என்று எழுதியே வைத்திருந்தார்கள். 1985 மே 9 அன்று சுவிட்சர்லாந்தில் ஊஸ்டர் என்ற ஊரில் உள்ளரங்க நீச்சல் குளத்தின் கான்கிரீட் கூரை விழுந்தது, 12 பேர் செத்தார்கள். கூரையைத் தாங்கிய எவர்சில்வர் கம்பிகள் குளத்து ஆவியிலேயே வெடித்திருந்தன. குளோரின் போட்ட தண்ணீரின் ஆவி கம்பியின் மேல் படிந்து காய்ந்து கெட்டிப்பட்டது. யாரும் கழுவாத இடம், யாரும் ஏறிப் பார்க்காத இடம். நம் பரண் மாதிரிதான்.

30 அக்டோபர், இரவு 9.20
பழைய போர்மேன்

சாதா இரும்பு தப்பித்ததா என்று கேட்ட விவசாயி நண்பருக்கு. இல்லை. காஸ்டிக் சோடா சூடாகத் தேங்கினால் வெடிக்கும், பழைய ஆணியடித்த பாய்லர்களில் ஆணி இடுக்கில் அது கெட்டிப்பட்டு நிறையப் பேரைக் கொன்றிருக்கிறது. நைட்ரேட்டும் ஆகாது. இங்கிலாந்தில் ஃப்ளிக்ஸ்பரோவில் 1974-ல் ஒரு ரசாயன ஆலை. கசிந்த இடத்தில் தண்ணீர் பீய்ச்சினார்கள், அந்தத் தண்ணீரில் நைட்ரேட் இருந்தது, ஐந்தாம் நம்பர் கலனில் விரிசல் விட்டது. அந்தக் கலனை எடுத்துவிட்டு, முன்னும் பின்னும் உள்ளவற்றை ஒரு தற்காலிகக் குழாயால் இணைத்தார்கள். ஜூன் 1 அன்று அந்தக் குழாய் விட்டு 28 பேர் செத்தார்கள். விரிசல் நேரடியாகக் கொல்லவில்லை, அதற்குச் செய்த அவசரச் சமாளிப்பு கொன்றது. இதைப் படித்தபோது நான்கு தடவை அடைத்த என் தொட்டிதான் கண்ணில் நின்றது.

9 நவம்பர், இரவு 8.30
திருமங்கலத்தான்

அண்ணே, ஆள் கிடைத்துவிட்டார், எழுபது வயதுப் பெரியவர். கரியடுப்பில் குடத்தை ஒரு மணி நேரம் புரட்டிப் புரட்டிச் சூடாக்கினார். ஈயம் பூசுற குடத்துக்கு இந்த வெடிப்பு வராது தம்பி என்று அவராகவே சொன்னார், நான் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே பற்று வைத்திருக்கிறார். தண்ணீர் நிற்கிறது.

9 நவம்பர், இரவு 9.05
பழைய போர்மேன்

அவர் சொன்னதைப் படித்ததும் எழுந்து இரண்டு நடை நடந்துவிட்டேன். பாலிஷ் போடும்போது திரவத்தில் அம்மோனியா இருக்கிறதா என்று மோந்து பாருங்கள், சிலவற்றில் இருக்கும். புளி போதும், நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்கள். இடுப்பில் வைத்துத் தண்ணீர் சுமக்க வேண்டாம், சீர் வரிசையில் வைக்க நன்றாக இருக்கும்.

17 நவம்பர், இரவு 10.30
பழைய போர்மேன்

ஊருக்குப் போய் வந்தேன். அண்ணன் போய் ஆறு வருடம் ஆகிறது, மதினி தனியாகத்தான் இருக்கிறார். குடத்தை எறியவில்லை. விதை மொச்சை போட்டு வைத்திருக்கிறார், வெடிப்பின் மேல் துணியை ஒட்டி.

மொச்சையை முறத்தில் கொட்டிவிட்டு, திண்ணைக்குக் கொண்டுவந்து வெயிலில் திருப்பினேன். இரண்டு வெடிப்பு, இரண்டும் கழுத்திலிருந்து இறங்குகின்றன. உள்ளே விரல் விட்டால் வெளியே தெரிவதைவிடக் கீழே வரை நகம் மாட்டுகிறது. வயிற்றில் நசுங்கல் இல்லை. அடியில் மட்டும் ஒரு பக்கம் கட்டைவிரல் அளவு நசுங்கல் இருந்தது, வெடிப்புக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி. இதை நான் முதலில் எழுதவில்லை, அன்று பார்த்ததாக ஞாபகமும் இல்லை. மதினியிடம் காட்டினேன். "அது அத்தை கெணத்து மேட்டுல வச்சது, நான் வர்றதுக்கு முந்தியே இருந்துச்சு" என்றார்.

தொழுவம், அம்மோனியா, இழுப்பு எல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். நீங்கள் உடைக்கவில்லை என்று எனக்கு முப்பது வருடமாகத் தெரியும் மதினி, சொல்லாமல் இருந்துவிட்டேன் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "உங்கண்ணன் இருக்கையில சொல்லிருக்கலாம்ல தம்பி" என்றார். எழுந்து போய் மொச்சையை வேறு டப்பாவுக்கு மாற்ற ஆரம்பித்தார்.

தொழுவத்தில் இப்போதும் ஒரு பசு நிற்கிறது. குச்சில் அவர் மகளுக்கென்று வாங்கி வைத்த புதுப் பித்தளைக் குடம் ஒன்று, பிளாஸ்டிக் பை கூடப் பிரிக்காமல் இருந்தது. அதை முன் அறைக்கு நானே தூக்கி வந்து வைத்தேன். அடுத்த வாரம் திருமங்கலத்துப் பெரியவரிடம் கொண்டு போகிறேன். தம்பி, அவர் எந்த நாளில் இருப்பார் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.